டயருக்கு அடியில் கிடந்த எலும்பு

டிரைவரம்மா எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அவள் வீட்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. அவள் ரோட்டில் பார்த்த மலைப்பாம்பு, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு முழம் வளரும். அதற்காக அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிடலாமா? நாள் முழுக்க ஜல்லி லாரியின் ஸ்டியரிங்கோடு தனியாக மல்லுக்கட்டுகிறவள், வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் பேசும்போது கொஞ்சம் உப்பு காரம் சேர்க்கத்தான் செய்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு நிஜமாகவே ஒன்று கிடைத்துத் தொலைத்தது. ஆற்றுப் படுகையில் லாரியின் பின்சக்கரம் புதைந்துகொண்டது. முட்டுக் கொடுக்க ஒரு கல்லைப் பொறுக்கினாள். எடுத்த மாத்திரத்தில் கை சொல்லிவிட்டது, இது வேறு என்னவோ என்று. உள்ளங்கை அகலம், வட்டம், இரண்டு பக்கமும் லேசான குழிவு. ஓரமெல்லாம் பழைய சோப்புக்கட்டி மாதிரி கரைந்து மழுங்கியிருந்தது.

"இது எலும்புடா சாமி!" என்று அங்கேயே கத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாளா? சாயங்காலத்துக்குள் அது டிவியில் வருகிற கடல் ராட்சசனின் எலும்பாகிவிட்டது. அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் கழுத்து லாரி நீளத்துக்கு வளர்ந்தும்விட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல இருந்து சாப்பிட வராங்க. உன் கால்ல விழறேன், அந்தக் கல்லுக் கதைய மட்டும் எடுக்காதே. வாயே திறக்காம இருந்தா இன்னும் புண்ணியமாப் போகும்."

"என் வீட்டு மேசையில நான் வாயத் திறக்கக் கூடாதா?"

"நீ திறந்தா என் மானம் கப்பலேறிடும்மா."

சுருக்கென்று தைத்தது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற மகள் தன்னை நினைத்துக் கூனிக் குறுகுகிறாளே! சனிக்கிழமை காலை கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தையல்காரரான புருஷனையும் இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

பின்கட்டில் ஓர் அறை. கூரைவரை தட்டுகள், தட்டு நிறையக் கற்கள், டீ கிளாஸின் விளிம்பில்கூடக் கல்தூள். அங்கே வேலை பார்ப்பவளை எல்லாரும் எலும்பு மேடம் என்றார்கள். அவள் கல்லை மணல் தட்டில் சாய்த்து வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் திருப்பி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப தூரம் உருண்டு வந்திருக்கு. முதுகெலும்புல இருக்கற முள்ளு இருந்திருந்தாலும் தேஞ்சு போயிருக்கும். ஆனா இங்க பாருங்க, அடியில ரெண்டு புள்ளி. இது ரத்தக்குழாய் போன ஓட்டையா இருந்தா, கடல்ல நீந்தின பெரிய ஊர்வன ஒண்ணோட முதுகெலும்பு. கூழாங்கல்லு சுத்திச் சுத்திக் குடைஞ்ச குழியா இருந்தா, வெறும் கல்லு."

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"குழின்னா அங்கயே முடிஞ்சிடும். ஓட்டைன்னா உள்ள வரைக்கும் ஓடும். வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

புருஷன் பதறிப்போனார். "முழுசா இருக்கும்போதே ஒருத்தரும் நம்பல. ரெண்டாக்கினா காறித் துப்புவாங்க. பேசாம இப்படியே கொண்டு போய் அலமாரியில வை. நீ பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கிட்டு இரு. யார் கேக்கப் போறா?"

நியாயமான பேச்சுதான். வெட்டாதவரை அவள் கதைக்கு ஆபத்தே இல்லை. வெட்டி, உள்ளே வெறும் கல்லாக இருந்துவிட்டால்? ஆனால் யார் கேட்கப் போகிறார்கள் என்றாரே, அதுதான் அவளை உசுப்பிவிட்டது.

"வெட்டுங்க மேடம். கல்லா இருந்தா பொய்க்காரின்னு நானே எழுதி மாட்டிக்கறேன். எனக்குத் தெரிஞ்சாகணும்."

ரம்பம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கிறீச்சிட்டது. டிரைவரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கல் இரண்டு பாதியாக ஈரத்தோடு கிடந்தது. உள்ளே ரொட்டித் துண்டு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். அவற்றுக்கு நடுவே, இரண்டு புள்ளிகளிலிருந்தும் இரண்டு கறுப்புக் கோடுகள் மேலே ஏறின.

எலும்பு மேடம் சிரித்தேவிட்டாள். "எலும்பேதான்! நாலு துடுப்போட கடல்ல நீந்தின ஜாதி."

"கழுத்து லாரி நீளம் இருக்குமில்ல?"

"அந்த ஜாதில நீளக் கழுத்தும் உண்டு, குட்டைக் கழுத்தும் உண்டு. பிரிச்சுச் சொல்ற அடையாளமெல்லாம் தேஞ்சு போச்சு. இது எதுன்னு தெரியாது."

இத்தனை படித்தவள், கொஞ்சங்கூடக் கூச்சப்படாமல் தெரியாது என்கிறாளே என்று டிரைவரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு, மறுபாதியோடு வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் கண்ணாலேயே அதட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பாதான் வம்பை ஆரம்பித்தார்.

"என்னங்க, நீங்க டைனோசர் பிடிச்சதா கேள்விப்பட்டோமே!"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. மகள் மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். டிரைவரம்மா காலை உருவிக்கொண்டு எழுந்து போய், எலும்பின் பாதியைக் கொண்டுவந்து தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"டைனோசர் இல்லீங்க. இது கடல்ல நீந்தின ஊர்வன ஒண்ணோட முதுகெலும்பு. இந்த ரெண்டு கோடும் ரத்தக்குழாய் போன வழி."

சிரிப்பு அடங்கியது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "கழுத்து லாரி நீளமாமே?"

அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். புருஷன், வரப்போவது தெரிந்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மகளை நேராகப் பார்த்தாள்.

"அது நான் அளந்து விட்டது. நீளமா குட்டையான்னு தெரியாது. வெட்டிப் பாத்த மேடத்துக்கும் தெரியாது."

மகளின் கையிலிருந்த கரண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. "தெரியாதா? நீயா சொல்ற?"

"நான்தான்டி. எலும்புன்னு அன்னைக்கே சொன்னேன், நம்பல. இன்னைக்கும் நம்பாட்டிப் போ! ஆனா என் மேசையில வாயப் பொத்திக்கிட்டு உக்கார மாட்டேன், ஆமா."

மகள் கரண்டியை வைத்துவிட்டு, எலும்பை எடுத்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வந்தவர்களையும் மறந்து அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் சொல்லும்மா."

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. சொல்ல நினைத்தால் நாக்கு நுனியில் ஆயிரம் இருந்தது.

"அவ்வளவுதான்டி," என்றாள். "மீதிய ஆறு தின்னுடுச்சு."