வாந்திபேதிக்காரர் கோயில்

இறந்து கிடந்த அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் செல்வகுமாரி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ராஜ்மோகன் வந்து ஒரு தாளை நீட்டினான். நாடாவின் ஒரு முனையை அவள் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். அவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“பூசை முடிஞ்சதும் நீ இத படிக்கணும். டீச்சரு, உனக்குத்தான் மைக்கு பழக்கம்.”

“இன்னா இது?”

“அம்மாவப் பத்திதான். சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. நிறுத்தி நிதானமா படி.”

தாளில் அம்மா இரண்டு வரி இருந்தாள். மீதியெல்லாம் துரை. ரோக் என்கிற பிரெஞ்சுத் தளபதி தன் பட்டாளத்திலிருந்த இவர்கள் பாட்டனின் வீரத்தை மெச்சி, பாகூர் ஏரிக்கரையில் நிலம் கொடுத்துக் குடிவைத்தானாம். நன்றி மறவாத பாட்டன், துரையின் பெயருடைய புனிதருக்கே கோயில் கட்டினாராம். ரோக் என்றால் நம் பக்கத்தில் ஆரோக்கியநாதர். வந்துவிட்டது ஆரோக்கியநாதர் ஆலயம்.

அந்தப் பாட்டன் வாழ்நாளில் பிடித்த ஒரே ஆயுதம் களைக்கொத்து.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். வாந்திபேதியில் பாதிச் சனத்தைப் புதைத்துவிட்டு மீதிச் சனம் தெற்கிலிருந்து நடந்து வந்தது. போன ஊரிலெல்லாம் படலைச் சாத்தினார்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாத களர் நிலத்தில் விழுந்து கிடந்து, பிழைத்தவர்கள் பதினோரு பேர். அவர்கள்தான் ஓலைக் கொட்டகை போட்டு ஆரோக்கியநாதரை வைத்தார்கள். அவரும் கொள்ளைநோய் கண்டு, ஊர் ஒதுக்கி, காட்டில் கிடந்தவர். ஒரு நாய் ரொட்டி கவ்விவந்து கொடுத்துப் பிழைத்தவர். “அவரு மாதிரியே நம்மாளுங்களும் கெடந்தாங்க. அதான் அவரு பேரு” என்பாள் அம்மா, கூச்சமே இல்லாமல்.

கூச்சமெல்லாம் ராஜ்மோகனுக்குத்தான். திருபுவனை கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி, நாலு வேன் வாங்கிய பிறகு வந்த கூச்சம். மகளுக்குப் புதுச்சேரி டவுனில் சம்பந்தம் அமைந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பம். “நீங்க எப்படி?” என்று அவர்கள் கேட்ட அன்றைக்கே இவன் வாயில் ஒரு தளபதி பிறந்துவிட்டான். கோயிலைப் புதுப்பிக்கிற சாக்கில் ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலில் இருந்த கொள்ளைநோய்ப் புண்ணைப் பூசி மறைத்தான். காலடியில் ரொட்டியோடு நின்ற நாயைப் பெயர்த்து ஸ்டோர் ரூமில் போட்டான். கோயிலுக்கு அவன் வாங்கிக் கொடுத்த ஜெனரேட்டர் சந்தோஷத்தில் சாமியாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அவனைக் கேவலமாக நினைக்க செல்வகுமாரிக்கும் யோக்கியதை இல்லை. ஆகஸ்ட் திருவிழாவில் இதே கதையை மைக்கில் படித்தவள் அவள்தான். அவள் மகனின் காலேஜ் சீட்டுக்கு அண்ணன் அலைந்திருந்தான். முடியாது என்று சொல்ல நா எழவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மா பாதியில் எழுந்து போனாள். வீட்டில் வைத்து ஒரே ஒரு பேச்சு பேசினாள்.

“அவன் முட்டாப் பய. நீ படிச்சவ.”

அதோடு சரி. ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டியபோது வாயைத் திறந்தாள், பேசவில்லை.

கோயிலில் சம்பந்தி கோட்டு போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பீடத்துக்குக் கீழே பெட்டி திறந்திருந்தது. கல்லறையில் எல்லோரும் முகம் பார்த்த பிறகுதான் மூடுவது அந்த ஊர் வழக்கம். பூசை முடிந்தது. சாமியார் தலையசைத்தார். செல்வகுமாரி மைக்கின் முன் போய் நின்று, தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எங்கம்மா ரோசம்மாள். வாந்திபேதிக்கு ஓடியாந்தவங்க வம்சம். எந்தத் தொரையும் எங்களுக்கு நெலம் குடுக்கல. ஒரு சொம்பு தண்ணி குடுக்க ஆளில்ல. அவரப் போல நாமளும் நாதியத்துக் கெடந்தோமுன்னுதான் இந்தக் கோயிலுக்கு ஆரோக்கியநாதர் பேரு வச்சாங்க.”

“ஆமாண்டி!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. சம்பந்தி மெதுவாகத் திரும்பி ராஜ்மோகனைப் பார்த்தார். ராஜ்மோகன் கத்தவில்லை. கத்தினால் டவுன்காரர்கள் என்ன நினைப்பார்கள்? பெட்டிக்காரர்களைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தான்.

“திருவிழால நான் படிச்சது பொய்யி. தெரிஞ்சேதான் படிச்சேன். அதுக்குத்தான் எங்கம்மா எங்கிட்ட பேசாமலே பூட்டாங்க.”

ஊருக்குச் சொல்லவேண்டியது முடிந்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு மைக் தேவையில்லை. அம்மாவின் முகத்துக்குக் குனிந்து சொன்னால் போதும்.

திரும்பினாள். பெட்டியின் மேல் மூடி ஏறியிருந்தது. ஒருவன் தலைமாட்டில் மண்டியிட்டுக் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கிட்டே போய் நின்றாள்.

“கொஞ்சம் நவுருங்க டீச்சர்,” என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமலே.