காப்புக்கும் பரீட்சைக்கும் நடுவே

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை. பேரையூருக்குத் தெற்கே உள்ள புளியங்காட்டுப்பட்டியில், அன்று மாலை ஆறு மணிக்கு அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதாக இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மதுரையில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு தொடங்கிச் சனிக்கிழமை முடிய இருந்தது. அவ்வூரிலிருந்து தேர்வு எழுதவிருந்த பெண்கள் மூவர். ஊரின் முதல் பேருந்து காலை எட்டேகாலுக்குத்தான் புறப்படும்; அதில் போனால் தேர்வு தொடங்கிய பிறகே மதுரையில் இறங்க முடியும். காப்புக் கட்டும் நேரத்தில் ஊரில் இருக்கும் ஊர்க்காரர் எவரும் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

மூவரில் ஒருத்தியான முத்துமீனா இந்தச் சிக்கலை இரண்டு மாதத்துக்கு முன்பே கண்டுகொண்டாள். மாலை வகுப்பை நடத்திவந்த ஹம்சவேணியிடம், "காலையில எப்படி டீச்சர் போறது?" என்று கேட்டாள். "அதை நாங்க பார்த்துக்கறோம், நீ படி" என்று பதில் வந்தது. ஊர்ப்பெரியவர் கருத்தக்கண்ணனிடம், "காப்பு என்னிக்கு மாமா?" என்று கேட்டாள். "அத நாங்க பாத்துக்கிருவோம், நீ போயி படி தாயி" என்றார் அவர். இருவரும் நல்லவர்கள். இருவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அந்த மாதம் ஒருமுறை பேசியதோடு சரி; அதன் பிறகு ஒருவரையொருவர் விவரம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊரில் பால்வாடி உதவியாளர் இடம் காலியாக இருந்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இந்த முறை தவறினால், அடுத்த தேர்வு வருவதற்குள் முத்துமீனா வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதன் பிறகு ஆயுள் முழுக்கப் பிறர் பருத்திக்காட்டில் களைவெட்டுத்தான்.

அன்று நண்பகலில் ஹம்சவேணி மதுரையிலிருந்து மலர்ந்த முகத்தோடு வந்து இறங்கினார். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். எதையும் ஒழுங்காகச் செய்பவர். விடுதியில் நான்கு இரவுக்கும் இடம் சொல்லிவிட்டதாகவும், அன்று மாலை ஏழு மணிப் பேருந்தில் புறப்படலாம் என்றும் அறிவித்தார். கோயில் வேப்பமரத்தடியில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"ஏழு மணிக்கா? ஆறு மணிக்குக் காப்புல்ல?" என்றார் கருத்தக்கண்ணன்.

"நான் பிப்ரவரியிலேயே வந்து சொன்னேனே. பரீட்சை நாள்ல திருவிழா வரக் கூடாதுன்னு தெளிவாச் சொன்னேனே."

"சொன்னீகல்ல, அதத்தான செஞ்சிருக்கோம். திருவிழா அடுத்த செவ்வா. ஒங்க பரீட்சை இந்தச் சனியோட முடியுது. ஒங்களுக்காக ஒரு வாரம் தள்ளி வச்சுட்டு மேளக்காரன்கிட்ட எம்புட்டுப் பேச்சு வாங்குனேன் தெரியுமா?"

"காப்பு இன்னிக்குன்னு யாருமே சொல்லலையே."

"நீங்க திருவிழாவத்தான டீச்சர் கேட்டீக. காப்பக் கேக்கலையே."

ஹம்சவேணி எரிச்சல் மிகும்போது செய்வதுபோல், தம் வீட்டு மொழியில் தமக்குத்தாமே ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு தமிழில், "அப்படின்னா காப்புக் கட்றதுக்கு முன்னாடியே, மூணு மணி பஸ்லயே கிளம்பிடலாம்" என்றார்.

முத்துமீனாவின் மாமியார் சோணையம்மாள் குறுக்கே வந்தாள். "காப்புக் கட்டப்போற நேரத்துல ஊர விட்டு ஓடுனா, மழ பேயலைன்னு நம்ம வாசல்லதான வந்து நிப்பாக?"

"அதுவும் சரிதான்" என்றான் முத்துமீனாவின் கணவன் வீரணன். ஹம்சவேணி சொன்னதற்கும் அவன் அதையேதான் சொல்லியிருந்தான்.

காப்பைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாமா என்றார் ஒருவர். சனிக்கிழமை காப்புக் கட்டிய ஊர் எங்கே இருக்கிறது என்றார் இன்னொருவர். அம்மனிடம் பூப்போட்டுக் கேட்கலாம் என்றார்கள். பூசாரி சாப்பிடப் போயிருந்தார். எல்லோரும் முத்துமீனாவுக்காகவே பேசினார்கள். அவளிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மூன்று மணிப் பேருந்து வந்து, இருமுறை ஒலியெழுப்பிவிட்டுப் போயிற்று. ஆறு மணிக்கு முன் வேறு பேருந்து கிடையாது.

முத்துமீனா எழுந்தாள். "போச்சா? இப்பத் திருப்தியா எல்லாருக்கும்?"

பிறகு கருத்தக்கண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒரு வெவரம் சொல்லுங்க. காப்புக் கட்டுன பெறகு பால்வண்டி மதுரைக்குப் போகுமா, போகாதா?"

கருத்தக்கண்ணன் பால் சங்கத் தலைவரும் ஆவார். "அது போகாம? பால் கெட்டுப்போயிருமே."

"எத்தன மணிக்கு?"

"விடிகாலை நாலரைக்கு."

"அந்தப் பால் கேனெல்லாம் மதுரைக்குப் போயி, ராவுக்குள்ள ஊரு வந்து சேந்துருதுல்ல? அதுபோல நாங்களும் போயிட்டு வந்துர்றோம். கேனு போறதுக்குக் கோவிச்சுக்காத அம்மன் எங்க மேல மட்டுமா கோவிச்சுக்கப்போகுது?"

பால்வண்டி ஓட்டும் இம்மானுவேல் தலையைச் சொறிந்தான். "ஆள ஏத்தக் கூடாதுன்னு சங்கத்துல உத்தரவு இருக்கு, தங்கச்சி."

"உத்தரவு போட்டவுக இந்தா ஒக்காந்திருக்காகளே. கேளுங்கண்ணே."

கருத்தக்கண்ணன் மேலே பார்த்தார். வேப்பிலையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "பொம்பளப் பிள்ளைக, இருட்டுல, பால்வண்டியில..." என்று இழுத்தார்.

"எங்க அத்த கூட வரட்டும்."

"நானா?" என்றாள் சோணையம்மாள். "பால் வாடை எனக்குக் கொமட்டும்டி."

"வராட்டி விடுங்க. நான் பாலுவாடி வேலைக்குப் போகலைன்னா, இந்த வருசமும் ஒங்க மகனும் நானும் நீங்களுமா மூணு பேரும் களைவெட்டத்தான் போகணும். அது கொமட்டலைல்ல?"

"அதுவும் சரிதான்" என்றான் வீரணன். இம்முறை அவனை ஒருவரும் முறைக்கவில்லை.

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டது இது: காப்பு ஆறு மணிக்கே கட்டப்படும். முத்துமீனா, மலையம்மாள், செல்லத்தாய் ஆகிய மூவரும் நான்கு நாளும் விடிகாலையில் பால்வண்டியில் மதுரைக்குப் போய், மாலைப் பேருந்தில் ஊர் திரும்பி, இரவு வீட்டிலேயே தூங்குவார்கள். சோணையம்மாள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து துணைக்குப் போவாள். ஹம்சவேணி காலை ஏழு மணிக்குப் பால்பண்ணை வாசலில் காத்திருந்து, மூவரையும் தேர்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்வார். விடுதியில் சொல்லிவைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிடுவார். அடுத்த ஆண்டு முதல் ஊர்க்கூட்டத்தில் நாள் குறிக்கும்போது, தேர்வு எழுதுகிற பெண்களில் ஒருத்தியும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.