பல் கடிக்கும் சத்தம்

அக்கா செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். அப்போதும் அவள் வீட்டுக் கதவைத் திறந்தால் அவள் வாசனை அடித்தது. வாசனை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்றம். கடைசி மாதங்களில் அவள் வாய்க்குள் புண் வந்து அழுகியபோது அந்த அறையில் நின்றதே, அதே நாற்றம். நான் சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரார் அழுக்கெல்லாம் என் மூக்கைத் தாண்டித்தான் போகும். அந்த மூக்கு பொய் சொல்லாது. கட்டிலில், அக்கா படுக்கும் பக்கத்தில், அது வந்து வந்து போனது. முதல் தடவை அது வந்தபோது, பேய் பிசாசு என்று எவராவது பேசினால் வாங்கு வாங்கென்று வாங்குகிறவள், பையைப் போட்டது போட்டபடி தெருவுக்கு வந்து நின்றேன்.

அத்தானிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பல் செட் செய்கிறவர். முன்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய வெள்ளை மாவில் வார்த்த தாடைகள், மெழுகு ஈறுகள், ஆள் வரக் காத்திருக்கும் பல் வரிசைகள். ஈறு வார்க்க ஊற்றுகிற திரவத்தின் நெடி ஏறி ஏறி அவர் மூக்கு செத்துப்போய் வெகுகாலம். பக்கத்தில் பால் தீய்ந்தாலும் தெரியாது.

"நாத்தமா? எனக்கெங்க தெரியப்போகுது," என்றார். தேய்த்துக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்தார். "ஆனா சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"பல்லு கடிக்கிற சத்தம். அவ பக்கத்துல இருந்து. கண்ணு அசர்ற நேரத்துல வருது. முழிச்சுப் பாத்தா நின்னுடுது."

அக்கா தூக்கத்தில் பல் கடிப்பாள். கூடப் படுத்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் அத்தான் அவளுக்கென்றே மெல்லிய பல்லுறை ஒன்று செய்து கொடுத்தார். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறேன், என் பொண்டாட்டி இருக்கிற பல்லையும் அரைச்சுத் தின்னுடுவா போல," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது அவருக்குச் சத்தம், எனக்கு நாற்றம். ஆளுக்குப் பாதியாக அக்கா எங்களிடம் வந்துகொண்டிருந்தாள்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு தலையணை உறையால். வருகிறபோதெல்லாம் அழுக்குத் துணியை எடுத்துப் போவேன். அன்று, அதுவரை தொடாமலே விட்டிருந்த அக்காவின் பக்கத்து உறையைக் கழற்றி ஜன்னலோரம் பிரித்தேன். பழுப்பாகக் காய்ந்த எச்சில் திட்டு. நடுவில் இழையிழையாக ரத்தம். அதில் ஒட்டிக்கொண்டு நாலைந்து மஞ்சள் முடி.

துரையின் முடி. துரை என்பது வீட்டுப் பூனை. அக்கா குட்டியாக எடுத்து வந்த கடுவன், இப்போது நல்ல கிழம். நாற்காலியை விட்டு இறங்காமல் தட்டு தன்னிடம் வரவேண்டும் என்று பார்க்கும், அதனால் அந்தப் பெயர். அக்கா போனதிலிருந்து இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு வாய் கவ்வும், கீழே போடும், தன் வாயையே முன்னங்காலால் அறைந்துகொள்ளும், தட்டைப் பார்த்துச் சீறும். "அவ ஏக்கம்தான்," என்பார் அத்தான். நானும் ஆமாம் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

கட்டிலுக்கடியில் சுருண்டிருந்த துரையிடம் குனிந்து அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன். அதே நாற்றம். "அடப்பாவி, நீயாடா?" என்று சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

மிருக டாக்டர் அம்மா துரையின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். ஈறு பச்சைப் புண்ணாகச் சிவந்திருந்தது. கடைவாய்ப் பல்லோரம் லேசாக அழுத்தியதும் சீழ் எட்டிப்பார்த்தது. ஒரு கண்ணுக்குக் கீழே வீக்கம். நான் இத்தனை நாள் அதை வயசான தொங்கல் என்று நினைத்திருந்தேன்.

"இவ்வளவு வலியிலயும் பூனை கத்தாது," என்றார். "ஒளிஞ்சுக்கும். சிலது பல்லைக் கடிக்கும்."

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்ல மருந்து கொடுத்துச் சீழைக் குறைப்போம். அப்புறம் மயக்கம் கொடுத்துக் கெட்ட பல்லையெல்லாம் எடுத்துடணும். ரத்தத்துல பாத்தேன், சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருக்கு. வயசானதுக்கு மயக்கம் ஆபத்துதான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா எடுக்காம விட்டா கிருமி உடம்பெல்லாம் பரவி அதுவே ஆளை முடிச்சுடும்."

"பல்லில்லாம அது எப்படிச் சாப்பிடும்?" என்றார் அத்தான்.

எனக்கு வந்ததே கோபம். "உங்க அலமாரிய வச்சுக்கிட்டு நீங்க கேக்குற கேள்வியா இது?"

"நான் பல்லு வைக்கிறவன். பிடுங்கிப் பழக்கமில்ல," என்று முனகினார். டாக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பூனைகள் வெறும் ஈறிலேயே வெளுத்துக்கட்டும் என்றார். இரண்டு புட்டி கொடுத்தார். ஒன்று சீழுக்கு, ஒன்று வலிக்கு. இரண்டையும் விடாமல் கொடுக்கவேண்டும்.

நாலு நாளில் துரை தட்டை நக்கிக் காலி செய்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த வாரம் போனபோது பழையபடி கட்டிலுக்கடியில் சுருண்டு, வாயில் எச்சில் வடியக் கிடந்தது. புட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். சீழ் மருந்து அடியில் கிடந்தது. வலி மருந்து நாலு நாள் அளவுக்குக் குறைந்து அங்கேயே நின்றது.

"அத்தான், இதைக் கொடுக்கலையா?"

"மறந்துடுச்சு."

"அது மட்டும் மறக்குமா?"

அரத்தை எடுத்தார், வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அதைக் கொடுத்தா சத்தம் நின்னுடுது."

"துரைதான் கடிக்குதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டேன். கேட்டா என்ன? யாரு கடிச்சாலும் அது அவ சத்தம். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "அக்காவுக்கு வலி ஊசி கொஞ்சம் தள்ளிப்போனப்ப ஆஸ்பத்திரியே ரெண்டுபடுற மாதிரி கத்துன மனுஷனா நீங்க? அவ சத்தம் வேணுங்கிறதுக்காக வாயில்லாத ஜீவனை வலியில போட்டு வச்சிருக்கீங்களே. இதை அவ பாத்தா உங்க மூஞ்சியில முழிப்பாளா?"

சொன்ன பிறகுதான் அதிகமோ என்று தோன்றியது. அத்தான் எழுந்து உள்ளே போனார். தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கடியில் நகர்ந்தார். துரையை நெஞ்சோடு அணைத்து வெளியே எடுத்தார். அரிசியளவு பல்லைப் பதிக்கிற கையால் மருந்துக் குழலை அதன் வாயோரத்தில் மெல்லச் செருகினார். கொடுத்து முடித்ததும், "மன்னிச்சுக்கோ," என்றார். துரையிடமா, வேறு யாரிடமா, நான் கேட்கவில்லை.

"பல்லை எடுத்துடலாம்," என்றார்.

"சத்தம் போயிடும் அத்தான்."

"போகட்டும்."

அறுவைக்கு விட்டு வந்த காலையில் எனக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. துரை தேறி வந்தால் சுத்தமான இடத்தில் படுக்கட்டும் என்று கட்டிலை உரித்தேன். விரிப்பு, போர்வை, உறை, தலையணை எதையும் விடவில்லை. கடை இயந்திரத்தில் போட்டுக் கொதிநீரில் அலசி, உலர்த்தி, மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விரித்துவிட்டேன். அப்போதுதான் போன் வந்தது. பிழைத்துவிட்டது. முன்பல் சிலதைத் தவிர எல்லாம் எடுத்தாயிற்று, கண் திறந்துவிட்டது, சாயங்காலம் வந்து கூட்டிப்போகலாம். அத்தான் 'சரி' என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னார். அப்படியே போய் அக்காவின் பக்கத்தில் சாய்ந்தார்.

நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயை மூடியதும் கேட்டது.

நறநற. நின்றது. மறுபடி, நறநற.

பூனை வீட்டில் இல்லை. பாத்திரம் கையிலேயே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். சிறுவயதில் என் காதோரம் கேட்ட அதே சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைவாசலுக்குப் போனேன். அக்காவின் தலையணையில் அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். தாடை இறுகி, பக்கவாட்டில் மெல்ல அசைந்தது. அவருடைய பல்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டு, அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

திடுக்கிட்டு விழித்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "கேட்டுச்சா? உனக்கும் கேட்டுச்சா? துரை இங்க இல்லையே! அது ஆஸ்பத்திரியில இருக்கே!"

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அக்கா இருந்தபோதுதான் பார்த்திருக்கிறேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், "கேட்டுச்சு அத்தான்," என்று மட்டும் சொன்னேன்.

சட்டையை மாட்டி, பூனைக்கூடையைத் தூக்கிக்கொண்டு, நேரமாவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவருக்கு அவள் இருக்கிறாள். இனி துரைக்கும் வலி இருக்காது. எனக்கு? அக்காவின் தலையணையை எடுத்து முகத்தில் வைத்து ஆழமாக இழுத்தேன். திருப்பி வைத்து இழுத்தேன். உறையைக் கழற்றிவிட்டு, தையல் ஓரத்தில் மூக்கை அழுத்திப் பார்த்தேன். நான் நன்றாகத் துவைக்கிறவள். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.