மரத்தில் விழுந்த வெள்ளைக் கோடு

கதவைத் திறந்ததுமே லோகேஸ்வரிக்குப் பகீரென்றது. வாசலில் இருந்த தொட்டியும் பூத்திருந்தது!

அது பூக்கவே கூடாத தொட்டி. புறா ஆர்க்கிட் நினைத்தபோதெல்லாம் பூக்காது. திடீர்க் குளிர் பட்டால்தான் உறங்கும் மொட்டு விழிக்கும். ஒன்பதாம் நாள் காலையில் விரிந்து, பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். அந்தக் குளிரைக் கொண்டுவருவது பெரும்பாலும் மழைதான். மழையே வேண்டாம், குளிர் மட்டும் போதும் என்று நிரூபிப்பதுதான் லோகேஸ்வரியின் முதுகலை ஆய்வு. ஒன்பது நாளுக்கு முன் ஒரு தொட்டியைக் குளிரூட்டிய ஏர்கோன் அறையில் ஒரு பிற்பகல் வைத்து எடுத்தாள். இன்னொன்றை வெயிலிலேயே விட்டாள். அவர்கள் குடியிருந்த ஜெலுத்தோங்கில் மழை பெய்து நாளாயிற்று. குளிர் பட்டது மட்டும் பூக்க வேண்டும். இரண்டும் பூத்தால் ஒரு வருட உழைப்பு அம்போ.

கணவன் தயாளன் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் பூத்திருச்சா? நல்லதுதானே லா!"

"ஒண்ணுதாங்க பூக்கணும்!"

"பூ பூத்ததுக்கு அழுற மொத ஆளு நீதான்."

கீழே ஐஸ் போட்ட பானங்கள் விற்கும் தண்ணிக் கடை வைத்திருக்கும் சுஹானா படியேறி வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நான் ஐஸ் கொட்டுனது வீண்போகல!"

"என்ன ஐஸ் அக்கா?"

"அன்னிக்கு ஒரு செடிய ஏர்கோன்ல வெச்சுக் கொஞ்சுனியே, இது மட்டும் வெயில்ல காயுதேன்னு பாவமா இருந்துச்சு. கடையில மிஞ்சுன ஐஸக் கொட்டுனேன். பாக்கிய கடை முன்னால நிக்கிற அங்சானா மரத்துல தொங்குற இதே செடிக்குப் போட்டேன். ஏன், தப்பா?"

லோகேஸ்வரி செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினாள்.

அங்சானா மரத்தைச் சுற்றிலும் அடர்ந்து தொங்கிய ஆர்க்கிட் கொடிகளெல்லாம் பச்சையாகவே இருந்தன. கடையைப் பார்த்த பக்கம் மட்டும், கவட்டையிலிருந்து ஐஸ் உருகி வழிந்த வழி நெடுக, புறாக்கள் வரிசையாக வந்து அமர்ந்ததுபோல் வெள்ளைப் பூக்கள். இனிய மணம் மூக்கைத் தொட்டது. ஒரு விரற்கடை தள்ளியிருந்த மொட்டுகள் ஒன்றும் அறியாமல் உறங்கின.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏர்கோன் குளிர் பட்டது ஒன்று, வாசலில் ஒன்று, மரத்தில் இத்தனை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாம் தனித்தனியே நாள் எண்ணி, ஒரே காலையில் கண் விழித்திருக்கின்றன!

பின்னாலேயே மூச்சு வாங்க வந்தாள் சுஹானா. "ஆய்வு போச்சா லோகா?"

"போகலக்கா. ஐஸ் படாத பக்கம் தூங்குது பாருங்க. இதவிடச் சாட்சி வேணுமா?"

சுஹானா அண்ணாந்து பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பூக்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"நான் வெறும் ஐஸ்னுதான் நெனச்சேன் லா."