ஜூன் மூன்றாம் தேதி

வியாழக்கிழமை சாயங்காலம், நாகஜோதி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது ராஜகுரு சாரிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் மகள் அனுசியாவுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவர்.

"வயசுக் கணக்க மாத்திட்டாகம்மா. பதினாலு வயசு டீமுக்கு ரெண்டாயிரத்துப் பன்னெண்டு ஜனவரி ஒண்ணுக்கு மேல பிறந்திருந்தாப் போதும்னு இருந்துச்சு. இப்ப ஜூலை ஒண்ணுன்னு போட்டுட்டாக. நம்ம பிள்ளைக்கு ஸ்கூல்ல ஜூன் மூணுன்னு இருக்கு. இருபத்தெட்டு நாளு இடிக்குதே!"

சனிக்கிழமை அருப்புக்கோட்டையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் பிளஸ் டூ வரைக்கும் சோறு, படிப்பு, பூட்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த வருடம் தவறினால் தவறியதுதான், அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அப்புறம் இந்தப் பருத்திக்காட்டைத் தவிர பிள்ளைக்கு வேறு எது இருக்கிறது?

"சார், அது அவ பிறந்த தேதியே இல்ல சார்" என்றாள். சொன்ன வாயே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பாதிப் பிள்ளைகள் மே, ஜூனில்தான் பிறந்திருப்பார்கள். மற்ற பத்து மாதமும் பெண்கள் எல்லாம் பிள்ளை பெறாமல் சும்மா இருந்தார்களாக்கும்! ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவள் பிள்ளையை எங்கே விடுவாள்? ஜூனில் ஒரு தேதியைச் சொல்வாள், அவர்களும் எழுதிக்கொள்வார்கள். அனுசியா நிஜத்தில் பிறந்தது செப்டம்பர் ஒன்பது. மூன்று மாதத்தைக் கூட்டிச் சொன்னதில் மதியச் சோறாவது கிடைத்தது.

பிள்ளையைச் சேர்க்கப் போன அன்று, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் ஜூன் மூன்று என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி உருவேற்றினாள். டீச்சர் கேட்டதும் பிள்ளையும் கணீரென்று சொல்லிவிட்டு, வெளியே வந்து, "சரியாச் சொன்னேனாம்மா?" என்று கேட்டது. நாகஜோதி அள்ளி முத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து பிள்ளைக்கும் அதுதான் பிறந்த நாள்.

ராஜகுரு சார் போனில் கேட்டார். "ஆஸ்பத்திரி சர்டிபிகேட் இருக்கா?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு சார்."

"அப்ப அதக் கொண்டாங்க, பேசிப் பாப்போம். ஆனா ஒண்ணு. வயசக் கொறைக்கப் போலி சர்டிபிகேட்டோட வர்ற ஆளுக நெறைய. ரெண்டு தேதியப் பாத்தா, பிள்ளையத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாக. அவகிட்ட இன்னைக்கே நடந்தத சொல்லிருங்க."

"நானே பதமாச் சொல்லிக்கிறேன் சார். நீங்க எதும் சொல்லிறாதீக."

அங்கேதான் கோளாறு. அனுசியா பொய்யென்றால் பொறுக்காத பிள்ளை. காரியாபட்டியில் நடந்த ஒரு போட்டியில், யாருமே பார்க்காதபோது, "பந்து எங்கையிலதான் சார் பட்டுச்சு" என்று தானாகப் போய் ரெஃப்ரியிடம் சொல்லி, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றுவிட்டு வந்தவள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று சொல்லி வளர்த்ததே நாகஜோதிதான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? 'அப்ப நீ மட்டும் பொய் சொல்லலாமாம்மா?' என்று கேட்டுவிட்டால்? கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்?

அன்று ராத்திரி சொல்லப் போனாள். பிள்ளை பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சொல்லப் போனாள். நல்லாச் சாப்பிடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளினாள். சாப்பிட்ட பிள்ளை தூங்கிப் போனது.

சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாகஜோதி சர்டிபிகேட் இருந்த பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கை வேர்த்து வேர்த்து வந்தது.

"அனுசியா..."

"என்னம்மா?"

"தண்ணி குடிக்கிறியா?"

"நீ ஏம்மா இப்பிடிப் பயப்படுற? நல்லா வெளாடுவேன்" என்று சிரித்தாள் பிள்ளை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க நாகஜோதிக்கு மனம் வரவில்லை. இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். இறங்கியதும் ராஜகுரு சார் கேட்டைத் தாண்டி ஓடி வந்தார். "சீக்கிரம், சீக்கிரம், பேரக் கூப்பிடுறாக" என்று பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். "சொல்லிட்டீகள்ல?" என்று ஓடும்போதே திரும்பிக் கேட்டார். நாகஜோதியின் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா, அவளுக்கே தெரியாது.

வயது சரிபார்க்கும் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் இருந்தார். கடுமையான ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துத் தாளையும் ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளையை மைதானத்தில் விட்டுவிட்டு வந்த ராஜகுரு சார் நடந்ததை எடுத்துச் சொன்னார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சர்டிபிகேட்டப் பாத்தா நெசம்போலத்தான் இருக்கு. எதுக்கும் பிள்ளையக் கூப்பிடுங்க. நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டு நில்லுங்க, சைகை கிய்கை காட்டக் கூடாது."

நாகஜோதி தள்ளிப் போய் நின்றாள். இப்போது சொல்லிவிடலாம், இவளுக்கு நான் இன்னும் சொல்லவே இல்லை என்று மேடத்தின் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

மைதானத்தின் மறுகோடியிலிருந்து அனுசியா ஓடி வந்தாள். முழங்காலெல்லாம் செம்மண். மூச்சு வாங்க மேசை முன்னால் நின்றாள்.

"பாப்பா, பயப்படாமச் சொல்லு. நீ என்னைக்குப் பிறந்த?"

அனுசியா திரும்பித் தாயைப் பார்த்தாள். தாயின் முகம் வெளுத்துக் கிடந்தது. தேதியை மறந்துவிடுவேன் என்றுதான் அம்மா காலையிலிருந்து இப்படிப் பயப்படுகிறாளாக்கும் என்று பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, கணீரென்று சொன்னாள்.

"ஜூன் மூணு, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, மேடம்."

மேடம் பேனாவை மூடினார். ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டை மடித்து, ராஜகுரு சார் பக்கம் தள்ளினார். "இதுக்கு மேல நான் என்ன சார் செய்யட்டும்?"

ராஜகுரு சார் நாகஜோதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அனுசியா அதற்குள் அவளிடம் ஓடி வந்து, வேர்த்துக் கிடந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாச் சொன்னேனாம்மா?"