மூன்று விசில்

ராஜபாளையத்தில் துக்கச் செய்தியும் சினிமாச் செய்தியும் ஒரே தொண்டையிலிருந்துதான் வரும். அது மைக் செட் சிவனாண்டியின் தொண்டை. ஆட்டோ மேல் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவன் ஆரம்பித்தால், அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள். எழுதிக் கொடுப்பதை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பான். அது நிஜமா பொய்யா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்று பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், சுயம்புலிங்கத்தின் பாத்திரக்கடையிலிருந்து ஒரு தாள் வந்தது. எங்கிருந்தோ மூட்டை மூட்டையாகக் குக்கர் வாங்கித் தன் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறவர் சுயம்புலிங்கம். கல்லாவுக்கு மேலே 'வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்' என்று போர்டு மாட்டியிருந்தார். பொருள் விற்கிற வரைக்கும்தான் அந்தத் தெய்வத்துக்குப் பூசை. தாளை எழுதியது அவர் மச்சினன் சௌந்தரபாண்டியன். தபாலில் விளம்பரப் படிப்பு படித்தவன். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, "தரமாகச் சாப்பிட்டேன்" என்கிற ரகம்.

சிவனாண்டி வாசித்தான். "எச்சரிக்கை! வன்னியம்பட்டியில் சத்துணவு சமைக்கும் பெண்மணி ஒருவர், தமது சொந்தக் கவனக்குறைவால் குக்கரை வெடிக்கச் செய்துவிட்டு, எங்கள் ஸ்தாபனத்தின் மீது அவதூறு பரப்பி வருகிறார். நம்பாதீர்கள்! தரத்தின் மறுபெயர் சுயம்பு குக்கர்!"

ராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரைக்கும் மூன்று நாள் வாசித்தான். வன்னியம்பட்டிக்குள் இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினான்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணியே சிவனாண்டியின் மைக் செட் கடை வாசலில் வந்து நின்றாள். பெயர் வெள்ளத்தாய். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் உரிந்து, மஞ்சளும் எண்ணெயும் பூசியிருந்தது.

"அண்ணே, நான் கவனக்கொறச்சலா இருந்தத நீங்க பாத்தீகளா?"

"எழுதிக் குடுத்தத வாசிச்சேன் தாயி."

"எழுதுனவனுக்குத் தொண்டை இல்லையா?"

நடந்ததை அவளே சொன்னாள். சுயம்பு குக்கரில் வீட்டில் ஆறு தடவை பருப்பு வெந்தது. ஏழாவது தடவை குக்கர் மூடி கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த மூடியைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். 'கம்பெனிக்கு அனுப்பிக் கேக்கோம்' என்று சுயம்புலிங்கம் வாங்கி வைத்தார். அத்தோடு மூடியும் போச்சு, பேச்சும் போச்சு. பஸ் ஸ்டாப்பில் கையைப் பார்த்து நாலு பேர் விசாரித்தார்கள், நடந்ததைச் சொன்னாள். அதுதான் அவதூறாம்.

இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். சத்துணவு அதிகாரியின் நோட்டீஸ். அடுப்படியில் கவனக்குறைவாக இருப்பவரைக் குழந்தைகளுக்குச் சமைக்க ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. பத்து நாளில் பதில் வேண்டும்.

"ஊரே சொல்லுதுன்னு அதிகாரி சொல்லுதாரு. எந்த ஊரு சொல்லுச்சு? நீங்கதான சொன்னீக. நூத்தியிருவது பிள்ளைகளுக்கு ஏழு வருசமா வெறகடுப்புல பொங்குதேன். ஒரு பிள்ளை மேல பொறி தெறிச்சதில்ல. இந்த வேலை போச்சுன்னா எம்பிள்ளைக ரெண்டும் என்னத்தத் திங்கும்?"

சிவனாண்டிக்குத் தன் தொண்டை மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் வந்தது. நேரே பாத்திரக்கடைக்குப் போய் நோட்டீஸ் வந்ததைச் சொன்னான்.

"அந்தப் பொம்பளைய நாங்க விட்டுருவமாலே?" என்றார் சுயம்புலிங்கம். முகத்தில் அப்படி ஒரு கருணை. "அவ நம்ம வாடிக்கையாளருல்லா!"

"நல்லெண்ண நடவடிக்கைன்னு இதுக்குப் பேரு" என்றான் சௌந்தரபாண்டியன்.

ஏற்பாடு இதுதான்: வெள்ளிக்கிழமை கடையின் ஆண்டுவிழா. வெள்ளத்தாய்க்கு மேடையில் புதுக்குக்கர் இலவசம். அந்த அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். அவர் முன்னால், சௌந்தரபாண்டியன் எழுதின தாளிலிருந்து அவள் இரண்டு வரி வாசிக்க வேண்டும்: 'தவறு என்னுடையதே. சுயம்பு குக்கர் குற்றமற்றது.' வாசித்தால் முதலாளி அதிகாரியிடம் சொல்லி நோட்டீஸைக் கிழித்துப் போட வைப்பார். வாசிக்காவிட்டால் வேலை போகும். புண்ணுக்கு மருந்து கேட்டு வந்தவளிடம், புண் பட்டதற்கு மன்னிப்புக் கேள் என்கிற சாமர்த்தியம். இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான் சிவனாண்டி.

அவன் போய்ச் சொன்னபோது வெள்ளத்தாய் அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "வாரேன்" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவள் மேலும் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கடை முன்னால் பந்தல். மாலை போட்ட குக்கர் மேஜையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே குக்கர் வாங்கின பெண்கள் நூறு பேராவது வந்திருந்தார்கள். சுயம்புலிங்கம் இருபது நிமிஷம் தரத்தைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் அதிகாரி தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சிவனாண்டி மைக்கை வெள்ளத்தாயிடம் கொடுத்தான்.

"தப்பு என்னுதுன்னு சொல்லச் சொல்லியிருக்காக. சொல்லுதேன்" என்றாள். சௌந்தரபாண்டியன் கைதட்டினான். "ஆனா என்ன தப்புன்னு எனக்குத் தெரியணும்லா? எனக்குக் குக்கர் வைக்கத் தெரியலங்காக. அண்ணாச்சி இந்தக் குக்கர்லயே பருப்பு வச்சுக் காட்டட்டும். மூணு விசில் வார வரைக்கும் பக்கத்துலயே நிக்கட்டும். நானும் நிக்கேன். படிச்சுக்கிடுதேன்."

"ஆமா, வச்சுக் காட்டுங்க அண்ணாச்சி!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "நாங்களும் வாங்கிருக்கோம்லா!"

மறுக்க வழியில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து எரிகிற ஸ்டவ் வந்தது, பருப்பும் வந்தது. சௌந்தரபாண்டியன் மாலையைக் கழற்றி, மூடியைப் பூட்டி, குக்கரை ஸ்டவ்வில் ஏற்றினான். செத்த நேரத்தில் அது புஸ்ஸென்றது.

சுயம்புலிங்கம் சைகை காட்டினார், மைக்கை அணைக்கச் சொல்லி. சிவனாண்டி வெள்ளத்தாயிடமிருந்து மைக்கை வாங்கித் தன் வாய்க்குக் கொண்டுபோனான். எழுதிக் கொடுக்க இன்று யாரும் இல்லை. கண்ணில் பட்டதை வாசித்தான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! சௌந்தரபாண்டியன் அவர்கள் அவசர வேலையாகக் கடைக்குள்ளே போகிறார்கள். சிறப்பு விருந்தினர் அவர்கள் மேடையை விட்டு இறங்கி ஜீப்புக்குப் பின்னால் நிற்கிறார்கள். முதலாளி அவர்கள் கடைப்படி ஒன்று ஏறுகிறார்கள். இன்னொரு படி ஏறுகிறார்கள். தூணுக்குப் பின்னால்..."

முதல் விசில் வந்தது. தூணுக்குப் பின்னால் நின்றவர் உட்கார்ந்தே விட்டார். பந்தல் சிரிப்பில் ஆடியது. வெள்ளத்தாய் மட்டும் புண்பட்ட கையைத் தாங்கிக்கொண்டு குக்கருக்குப் பக்கத்திலேயே நின்றாள். இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. குக்கர் வெடிக்கவில்லை.

அவள் ஸ்டவ்வை அணைத்தாள். ஜீப்பை நோக்கி நடந்தாள்.

"சார், பதில் எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்று காகிதத்தை நீட்டினாள். "அடுப்படியில யாரு நின்னா, யாரு ஓடுனான்னு நீங்களே பாத்தீக."

அதிகாரியால் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நீ நாளைக்கு வேலைக்குப் போம்மா. நோட்டீஸ நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

திரும்பி வந்து கடைப்படியில் ஏறினாள். முந்தானையிலிருந்து சௌந்தரபாண்டியன் எழுதின தாளைப் பிரித்து, சுயம்புலிங்கத்தின் கையில் வைத்தாள்.

"முதல் வரி மட்டும் வாசிங்க அண்ணாச்சி. அது ஒங்களுக்கு எழுதுனதுதான்."

இலவசக் குக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள். சிவனாண்டி மைக்கைக் கொண்டுபோய்ச் சுயம்புலிங்கத்தின் வாய்க்கு நேரே பிடித்தான். குக்கர் வாங்கின தெய்வங்கள் அத்தனை பேரும் வாசலில் காத்து நின்றார்கள். அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அந்த மூச்சு பஞ்சு மார்க்கெட் வரைக்கும் குழாயில் கேட்டது.