எட்டாம் வகுப்பின் மிதத்தல் பாடம்

எங்கள் ஊர்க் கடலில் எது மிதக்கும் என்பதை எட்டாம் வகுப்புதான் முடிவு செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மிதத்தல் பாடம் நடக்கும். பிள்ளைகள் என்ன முடிவுக்கு வருகிறார்களோ, அடுத்த பாடம் வரை கடலில் அதுதான் செல்லுபடியாகும்.

பல வருடங்களாக நான்தான் அந்தப் பாடத்தை எடுக்கிறேன். முதலில் விடையைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் "மிதக்கும்" என்று கோரஸாகக் கத்துவார்கள். அதன்பிறகு வாளியில் எலுமிச்சம்பழத்தைப் போடுவோம். அது மறுபேச்சில்லாமல் மிதக்கும். எந்தப் பள்ளியிலும் செய்முறை வகுப்பு இப்படித்தானே நடக்கிறது.

இந்த ஆண்டு கல்வித்துறையிலிருந்து பயிற்றுநர் குமரகுரு வந்து சேர்ந்தார். விடையை முன்கூட்டிச் சொல்லக் கூடாதாம். பிள்ளைகளே செய்து பார்த்து, அண்மை ஆய்வுகளோடு ஒப்பிட்டு, தாங்களே கண்டுபிடிக்க வேண்டுமாம். பாடம் நடந்த அன்று மதியத்தோடு போன வருடப் பாடம் காலாவதி. விடியற்காலையே திரும்பியிருக்க வேண்டிய என் கணவர் பியோ இன்னும் கடலில்தான் இருந்தார்.

"சார், நானே சட்டுனு சொல்லிக் குடுத்துர்றேன்."

"அவசரப்படாதீங்க டீச்சர். பிள்ளைங்க யோசிக்கட்டும்."

மதிய மணி அடித்தது. மிதந்துகொண்டிருந்த பழம் மெல்ல இறங்கி வாளியின் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டது. படகுகளும் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதாகக் கரையிலிருந்து ஆள் வந்து சொன்னார். தோல் தடிப்பாக இருந்தால் மிதக்கும் என்றான் ஒரு பையன். வெள்ளிக்கிழமை மிதக்காது என்றாள் ஒருத்தி. குமரகுரு எல்லாவற்றுக்கும் "அருமை" என்றார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அல்போன்சா என்கிற மாணவி மட்டும் வாளியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"கரையில யாராச்சும் காத்துக்கிட்டு இருந்தா மிதக்கும் சார். இல்லாட்டி முங்கிரும்."

குமரகுரு உருகிப்போனார். பார்ப்பவரைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது என்று அண்மை ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறதாம். சோதித்துப் பார்த்தோம். சர்பத் போட அல்போன்சா எதிர்பார்த்திருந்ததால் பழம் மேலே வந்தது. துறை கொடுத்த பிளாஸ்டிக் ஸ்கேலைக் குமரகுரு போட்டார். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வகுப்பே கை தூக்கியது. பாடம் முடிந்தது.

நான் கரைக்கு ஓடினேன். பியோவின் படகு சொட்டச் சொட்ட வந்தது. ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒவ்வொரு படகாக வந்து சேர்ந்தது. ஊர்த்தலைவரின் படகு மட்டும் வரவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் கிளம்பும்போது தண்ணீருக்கடியிலிருந்து இன்னொரு படகு மேலே வந்தது. நான்கு வருடத்துக்கு முன் புயலில் மூழ்கிய தொபியாஸ் அண்ணனின் படகு. உடம்பெல்லாம் சிப்பி ஒட்டியிருக்க, அண்ணன் இறங்கி வந்தார். அவர் மனைவி குளோறி அக்கா தினமும் போல அன்றும் தூக்குவாளியோடு மணலில் உட்கார்ந்திருந்தார்.

"சோறு ஆறிப்போச்சு," என்றார் அக்கா. "கால அலசிட்டு வாங்க."

அண்ணன் திரும்பக் கடலில் இறங்கிக் காலை அலசினார்.